நான்கு மரக்காலும் ஒரு பட்டியலும்

(திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

‘அருங்காட்சியகப் பட்டியல் மென்பொருளில் சொல்வகைகளைப் படவுருக்களாற் பிரித்துக் காட்டுதல்’ என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். தலைப்பைக் கேட்டவுடன், “தமிழாசிரியர்க்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு?” என்று இங்குள்ள சிலர் புன்னகைத்ததை யான் கண்டேன். உறவு உண்டு. மரக்கால் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் அளக்கும் ஏனம் மரக்கால். அவ்வேனத்தால் அளந்து பெறும் எட்டு நாழி அளவும் மரக்கால். மாயவளாகிய கொற்றவை ஆடியதாகச் சிலப்பதிகாரத்திற் காணும் பதினோராடலுள் ஒன்றும் மரக்கால். கால் இழந்தான் ஒருவன் மரத்தாற் செய்து பூட்டிக்கொள்ளும் காலும் மரக்காலே. ஆக, நான்கு மரக்கால். ஒன்று செய்பொருள், ஒன்று அளவு, ஒன்று ஆடல், ஒன்று உறுப்பின் மாற்று. பேச்சில் இவை ஒன்றோடொன்று மயங்குவதில்லை. ‘இரண்டு மரக்கால் நெல் கொண்டுவா’ என்றால் எவனும் மரத்தாற் செய்த கால்களைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான். முன்பின் நிற்கும் சொற்கள் பொருளை நிறுத்திவிடுகின்றன. ஆனால் பட்டியலில் சொல் தனித்து நிற்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சில ஆண்டுகட்கு முன் ஓர் அருங்காட்சியகத்தின் பொருட்பட்டியலைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. எதுவென்று கேளாதீர்கள், சொல்வதாக இல்லை. பித்தளைப் பூண் கட்டிய நல்ல மரக்கால் ஒன்று, அங்கே மருத்துவக் கருவிகள் என்னும் தலைப்பின்கீழ்க் கிடந்தது! நகைப்பதற்கு இடந்தருவதுதான், ஆனால் வருந்துவதற்கு அதனினும் மிகுதியான இடந்தருவது. நெல்லளவைக் கருவிகளை ஆராய வருவோன் ஒருவன் அளவைக் கருவிகள் என்னும் தலைப்பைத் திறந்தால், அம்மரக்கால் அவனுக்குக் கிட்டாது. நிலையடுக்கில் அது துணிபோர்த்தி அமர்ந்திருக்கும், பட்டியலில் இராது. பல்லாயிரம் பொருள்கள் குவிந்த ஓரிடத்தில், பட்டியலில் உரிய இடத்தில் இராத பொருள் இல்லாத பொருளே.

அந்த எழுத்தர்மேல் யான் பழி சொல்லேன். அவர் முன்னே இருந்த திரையை எண்ணிப் பாருங்கள். முற்காலத்தில் அருங்காட்சியகங்கள் தடித்த பதிவேடுகளிலும் சிறு அட்டைகளிலும் தம் பொருள்களைக் குறித்து வைத்தன. இன்று அப்பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. பொருளின் எண், வந்த நாள், கொடுத்தவர், நீள அகலம், எதனாற் செய்தது, எதற்குப் பயன்பட்டது என ஒவ்வொன்றிற்கும் ஒரு கட்டம். இவற்றுட் சில கட்டங்களில் எழுத்தர் தாம் விரும்பியவாறு எழுதலாகாது. ஒருவர் செம்பு என்றும், மற்றொருவர் சொம்பு என்றும், இன்னொருவர் நீர்ச்செம்பு என்றும் எழுதினால், தேடும்போது ஒருவகைப் பொருள்கள் மூன்று இடங்களிற் சிதறிவிடும். ஆகலின் முன்னரே தொகுத்து வைத்த சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள நெறி. நல்ல நெறிதான். ஆனால் ‘மர’ என்று இரண்டெழுத்தை அழுத்தியவுடன், ‘மரக்கால், மரக்கால், மரக்கால்’ என ஒரே சொல் மும்முறை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றால் அவர் என் செய்வார்? மாலை நான்கு மணி, கண் சோர்ந்திருக்கிறது, மேசைமேல் இன்னும் ஒரு குவியல் இருக்கிறது. முதலில் நிற்பதைச் சொடுக்கிவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்வார்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. சொல்லுக்குப் பின்னே பிறைக்கோட்டில் ஒரு விளக்கச் சொல் சேர்ப்பது முதல் மருந்து. மரக்கால் (ஏனம்), மரக்கால் (அளவு), மரக்கால் (ஆடல்) என்றாற்போல. மேலை நாட்டார் இதனை நெடுங்காலமாகச் செய்துவருகின்றனர். ஆங்கிலத்தில் முழவுக்கும், கல்தூணின் உருளைத் துண்டுக்கும் ஒரே சொல் வழங்குகிறது. அமெரிக்காவில் கெட்டி என்னும் அறக்கட்டளை நிறுவனம் பேணிவரும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம், அவ்விரண்டையும் பிறைக்கோட்டுச் சொல்லாலேயே பிரிக்கிறது. சொல்லுக்கு முன்னே ஒரு சிறு படத்தை நிறுத்துவது இரண்டாம் மருந்து. ஏனத்துக்கு ஒரு படம், அளவுக்கு ஒரு படம், ஆடலுக்கு ஒரு படம். பிறைக்கோட்டுச் சொல்லைப் படித்துத்தான் அறிய வேண்டும். படத்தையோ படிக்குமுன்னரே கண் அறிந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

இச்சிறு படத்தைப் படவுரு என்று சொல்கிறேன். சின்னம் என்பார் உளர். அது வடசொல்லின் வழிவந்தது. அன்றியும், நம் நாட்டில் அச்சொல் தேர்தலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குறி என்பது நல்ல தமிழே. ஆயினும் மிகப் பொதுவான சொல். படமாகவும் உருவாகவும் நின்று ஒன்றைக் குறிப்பது என்னும் பொருள்பட ‘படவுரு’ என்று தமிழ்க் கணிமையார் ஆண்டுவருவதையே யானும் ஏற்கிறேன். வேறு நல்ல சொல் உங்களிடம் இருப்பின் கூட்டம் முடிந்தபின் சொல்லுங்கள். இப்போது தொடங்கினால் இரவாகிவிடும்.

சிறு குறியொன்று வகையைப் பிரித்துக் காட்டுதல் தமிழுக்குப் புதிதன்று. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியை நினையுங்கள். அஃது ஒலியன்று; எழுத்துமன்று. ‘இது மெய், உயிர்மெய்யன்று’ என வகை கூறும் குறி. தொல்காப்பியர் காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கும் அப்புள்ளியே அடையாளம். ஓலையில் எழுதியவர்கள் காலப்போக்கில் அப்புள்ளியை விட்டுவிட்டனர். ஓலை கிழியும் என்று அஞ்சி விட்டார்கள் என்பர். விளைவு யாது? எரியும் ஏரியும் ஏட்டில் ஒன்றாய் நின்றன. கொடும் கோடும் ஒன்றாய் நின்றன. படிப்போன் தன் அறிவால் ஊகித்துப் படிக்க வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்த பின்னரே அம்மயக்கம் தீர்ந்தது. கடுகளவுப் புள்ளி ஒன்று இல்லாமற் போனதால் எத்தனை ஏடுகளில் எத்தனை பாடவேறுபாடுகள் தோன்றின என்பதைப் பதிப்பாசிரியர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அப்படியிருக்கப் படவுருவை ‘அழகுக்கு வைத்த பொம்மை’ என்று யார் சொன்னாலும் யான் ஒப்பேன்.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. இது நம் தஞ்சைப் பெருங்கோவிலுக்கு உரியது. 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் நிறைவுறச் செய்த அக்கோவிலின் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் பெயர் பலவிடத்தும் வருகிறது. ஆடவல்லான் என்பது ஆடும் இறைவனின் திருமேனி. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்த அளவினது. மணிகளை நிறுத்தது வேறு கல். அதன் பெயர் தக்கணமேரு விடங்கன். இறைவன் பெயரால் அளந்தால் அளவில் கரவு நேராது என்று நம் முன்னோர் கருதினர் போலும். பொருள் விளங்காதான் ஒருவன் இக்கல்வெட்டுச் சொற்களைக் கணிப்பொறியில் ஏற்றினால் என்னாகும்? ஆடவல்லான் என்று தேடுவோர்க்குத் திருமேனியும் எடைக்கல்லும் மரக்காலும் ஒரே குவியலாக வந்து விழும். அல்லது, அதனினும் தீதாக, மூன்றும் திருமேனி என்னும் ஒரே தலைப்பில் அடங்கிவிடும். ஓராயிரம் ஆண்டுக்கு முன் தமிழன் எதனால் நிறுத்தான், எதனால் அளந்தான் என்னும் செய்தியே பட்டியலிலிருந்து மறைந்துபோகும். ஆடவல்லான் என்னும் பெயருக்கு முன்னே ஓரிடத்தில் திருமேனி வடிவும், ஓரிடத்தில் எடைக்கல் வடிவும், ஓரிடத்தில் மரக்கால் வடிவும் நின்றால், தமிழறியா எழுத்தரும் தவறமாட்டார்.

சொற்களை வகைப்படுத்தி அடுக்கும் கலையில் நாம் யார்க்கும் பின்தங்கியவர் அல்லேம். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர், பல்பொருட்பெயர், செயற்கை வடிவப்பெயர், பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் எனப் பத்து. பதினோராவது தொகுதி ஒருசொற் பல்பொருட்பெயர். அதாவது, யான் இவ்வளவு நேரமும் கூறிவரும் மரக்கால் சிக்கலுக்கென்றே ஒரு முழுத் தொகுதி! பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்.

கெட்டி நிறுவனச் சொற்களஞ்சியம் 1990-ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சில் வந்தபோது ஏழு முகப்புகளைக் கொண்டிருந்தது. தொடர்புடைய கருத்துகள், புறப்பண்புகள், பாணியும் காலமும், செய்வோர், செயல்கள், ஆக்கப்பொருள்கள், செய்பொருள்கள் என்பன அவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செய்வோர் என்பதற்கு நேரே மக்கட்பெயர். செய்பொருளுக்கு நேரே செயற்கை வடிவப்பெயர். செயலுக்கும் பண்புக்கும் நேரே செயலும் பண்பும். ஆக்கப்பொருளுக்கு ஓரளவு பல்பொருட்பெயர். ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட நம் நூலும், நேற்று வந்த அவர்கள் நூலும் இவ்வளவு ஒத்திருத்தல் வியப்பே. ஆனால், தோழர்களே, ‘எல்லாம் எம்மிடம் முன்னரே இருந்தது’ என்று மீசை முறுக்கிவிட்டுப் போய்விடுவது நமக்குள்ள ஒரு நோய். திவாகரம் புலவன் மனப்பாடஞ் செய்து பா இயற்றுதற்கு உதவும் நூல். அதில் ஒரு சொல் எந்தக் கிளையின் எந்தக் கொம்பில் நிற்கிறது என்று காட்டும் அடுக்கு இல்லை. அவர்கள் நூல், ஒரு பொருளைப் பல்லாயிரம் பொருள்களிடையே தேடி எடுத்தற்கு வகுத்தது. இசுபானியம், தச்சு, சீனம், செருமானியம் ஆகிய மொழியினர் அச்சொற்களஞ்சியத்துக்குத் தத்தம் மொழியில் நேர்ச்சொல் அமைத்து வழங்கியிருக்கின்றனர். அவ்வரிசையில் தமிழ் நிற்க வேண்டுமெனின் திவாகரத்தைப் போற்றிக் கைதட்டுவது போதாது. அதனைத் திறந்து வேலை செய்ய வேண்டும்.

இனி, மென்பொருளில் இது நடைபெறும் முறை. கலெக்டிவ் ஆக்செசு என்பது அருங்காட்சியகங்களும் ஆவணக்காப்பகங்களும் ஆளும் மென்பொருள்களுள் ஒன்று. நியூயார்க்கில் உருவானது; விலையின்றிக் கிடைப்பது; அதன் மூலநிரலும் திறந்து கிடப்பது. அதனுள் சொற்பட்டியல்கள் மரம்போற் கிளைத்து நிற்கும். ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிப்பதிவு. அப்பதிவில் சொல்லின் பெயரைப் பல மொழிகளில் எழுதலாம். அச்சொல் எவ்வகையினது என்பதைக் குறிக்கலாம்: முகப்பா, வழிகாட்டுச் சொல்லா, கருத்துச்சொல்லா என்று. இவற்றோடு, ஒரு படவுருவை ஏற்றுவதற்கு ஓரிடமும், நிறம் ஒன்றைக் குறிப்பதற்கு ஓரிடமும் உண்டு.

வழிகாட்டுச் சொல் என்பதை விளக்க வேண்டும். ‘பயனால் வகுத்த ஏனங்கள்’ என்றாற்போன்ற தலைப்பு அது. தன்கீழ் உள்ளவற்றைக் கூட்டிக் காட்டுவதற்கே நிற்கிறது. எந்தப் பொருளுக்கும் அதனைப் பெயராகச் சூட்டலாகாது. கெட்டி நூலில் அதனைக் கோண அடைப்புக்குள் இட்டுக் காட்டுவர். ஊர் எல்லையில் நிற்கும் வழிகாட்டிக் கல்லைப் போன்றது என்க. ‘மதுரை’ என்று அதிற் பொறித்திருப்பதால் அக்கல்லே மதுரையாகிவிடாது! ஆனால் எழுத்தர்கள் இதனைச் சொடுக்கிப் பொருளுக்குச் சூட்டிவிடுவது நாள்தோறும் நிகழும் பிழை. வழிகாட்டுச் சொல்லுக்கு முன்னே கைகாட்டி வடிவில் ஒரு படவுரு இருந்தால் கை தயங்கும். தெரிந்தெடுக்கவே இயலாதவாறு அதனைப் பூட்டிவைக்கவும் மென்பொருளில் வழியுண்டு, அதனையும் செய்க.

படவுரு வரைதல் எளிது என்று எண்ணாதீர்கள். திரையில் ஒரு வரிக்குள் நிற்க வேண்டிய படம் நகத்தளவே இருக்கும். மரக்காலின் பூணையும் வரிகளையும் விளிம்பையும் எல்லாம் வரைந்தால், அவ்வளவிற்குச் சுருங்கும்போது மைக்கறையாகிவிடும். தடித்த கோடு நான்கைந்திற்குள் முடிய வேண்டும். ஏனத்தை வரையலாம், மக்களை வரையலாம், மரத்தையும் விலங்கையும் வரையலாம். பண்பை எவ்வாறு வரைவது? வழுவழுப்புக்கு என்ன உருவம்? காலத்துக்கு என்ன உருவம்? இவ்விடத்தில் படம் தோற்கிறது, வடிவம் கைகொடுக்கிறது. செய்பொருளுக்கு நாற்கரக் கட்டம், பண்புக்கு வட்டம், செயலுக்கு அம்பு முனை எனப் புறவடிவை வகுத்துக்கொண்டு, உள்ளே ஒரு தமிழெழுத்தை இடலாம். வட்டத்துள் ‘ப’ என்றால் பண்பு. அம்பினுள் ‘செ’ என்றால் செயல். எத்தனை படவுருக்கள் தேவை? யான் பன்னிரண்டுக்குமேல் ஒப்பேன். சொல்லுக்கு ஒரு படம் என்று தொடங்கினால் படங்களுக்கே ஓர் அகராதி தேவைப்படும்.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. செம்மையும் பசுமையும் பிரித்துணராத கண்ணுடையார் நம்மிடையே உளர். ஆடவருள் அவர் மிகுதி. தாளில் கருமையில் அச்சிடும்போதும் நிறம் போய்விடும். கண்ணே காணாத அன்பர்க்குத் திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் கருவிகள் வந்துள்ளன. படவுருவின் பின்னே அதன் பெயரை எழுத்தில் வையாவிட்டால், அக்கருவி அவ்விடத்தில் ஊமையாகிவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் படவுருத் தொகுதிகளை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பார் உளர். எடுத்துப் பாருங்கள். அருங்காட்சியகம் என்பதற்கு அவற்றில் நிற்பது கிரேக்கக் கோவிலின் முகப்பு: மேலே முக்கோணம், கீழே தூண்வரிசை. பொருளகத்துக்கும் அதே படம். வழக்கு மன்றத்துக்கும் பெரும்பாலும் அதே படம். எழுமூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு செப்புத் திருமேனி எந்தக் கோவிலிலிருந்து வந்தது என்று குறிக்கும் கட்டத்தின் முன்னே ஏதென்சு நகரக் கோவில் நிற்க வேண்டுமா? இதனை வெறுப்பினாற் சொல்லவில்லை. தெளிவு கருதியே சொல்கிறேன். படவுருவின் பணி, பார்த்தவுடன் அறியச் செய்தல். நம் கண்ணுக்குக் கோவில் என்றால் கோபுரம். நூல் என்றால் ஓலைச்சுவடி. அளவு என்றால் நாழியும் மரக்காலும்.

இவ்வாறு அறியத்தக்க குறிகள் சில நம் கணக்கர் கையில் முன்னரே இருந்தன. ௳ நாள், ௴ திங்கள், ௵ ஆண்டு, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ உருவா, ௺ இலக்கம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கடிதத் தலைப்பில் இவற்றை எழுதியதைச் சிறுவனாய் இருந்தபோது பார்த்திருக்கிறேன். இவை எட்டும் 2003-ஆம் ஆண்டிலேயே உலக ஒருங்குறியில் ஏறிவிட்டன. 2019-ஆம் ஆண்டில் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழுக்கென ஒரு துணைத்தொகுதி சேர்ந்தது, 51 குறிகள். கீழ்வாயிலக்கங்கள், நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், பொன், குழி, வேலி என அவற்றின் பெயர்களைக் கேட்டாலே ஒரு பழைய சிற்றூர் கண்முன் எழும். அவற்றுள் நன்செய்க்கு ஒரு குறி, புன்செய்க்கு ஒரு குறி, உப்பளத்துக்கு ஒரு குறி உண்டு. நிலத்தின் வகையை ஒரு சுழியாற் காட்டிய அக்கணக்கர் செய்ததும், இன்று திரையில் நாம் செய்ய முனைவதும் வேறு வேறா? ஆனால் ஒரு தடை உண்டு. இத்துணைத்தொகுதிக் குறிகளுக்கு எழுத்துரு இல்லாத பொறிகளில் வெற்றுக் கட்டமே தெரியும். ஆகலின் அவற்றை எழுத்தாக அன்றிப் படமாக வரைந்து ஏற்றுதலே இப்போதைக்கு நன்று.

இனி, நம்மவரிடையே எழுந்த ஒரு வினா. நம் தோழர் ஒருவர், “ஐயா, இவ்வளவும் செய்கிறீர்களே, வடசொல்லுக்கும் பிற அயற்சொல்லுக்கும் ஒரு செந்நிறப் படவுரு வைத்தால் என்ன?” என்று கேட்டார். கேள்வி நன்று. தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நால்வகைப்படுத்தியவர்தாம். ஆயினும், மரக்கால் ஏனமா அளவா என்பது பொருளின் வகை. ஒரு சொல் தமிழா அயலா என்பது சொல்லின் பிறப்பு. இவ்விரண்டு அளவுகோலையும் ஒரே படவுருவில் ஏற்றினால் இரண்டும் கெடும். பிறப்பைக் குறிக்க வேறொரு கட்டம் வைத்துக்கொள்க.

அதனினும் கடிய சிக்கல் ஒன்று அவ்வினாவின் அடியில் இருக்கிறது. மூதாட்டி ஒருவர் மூடியிட்ட பித்தளை நீர்க்கலம் ஒன்றைக் கொணர்ந்து தருகிறார். “இது எங்கள் வீட்டுக் கூஜா” என்கிறார். பட்டியலில் என்ன எழுதுவது? ‘நீர்க்கலம்’ என்று மட்டும் எழுதி, அவர் சொன்ன சொல்லை மறைத்துவிட வேண்டும் என்பார் நம்முள் உளர். யான் அதற்கு உடன்படேன். அவ்வெழுத்தை எழுத என் கை கூசுகிறது. ஆயினும் கொடுத்தவர் சொன்னதைச் சொன்னவாறே பதிவதுதான் பதிவு. மறைத்தால் அது பொய். நாளை அதே கூஜாவைத் தேடி வரும் அவர் பெயர்த்திக்கும் அது கிட்டாது. இதற்கு மென்பொருளிலேயே வழி உண்டு. ஒரு பொருளுக்குத் தலைச்சொல் ஒன்றும், வழக்குச்சொற்கள் பலவும் இருக்கலாம். தலைச்சொல் நற்றமிழாய் நிற்கட்டும். வழக்குச்சொல் வந்தவாறே கீழே நிற்கட்டும். அதற்கு முன்னே வாய் வடிவில் ஒரு படவுரு இருக்கட்டும், ‘மக்கள் வாய்மொழி’ என்று காட்ட. எவர் எச்சொல்லால் தேடினாலும் அவர்க்குத் தமிழ்த் தலைச்சொல்லே முதலில் தெரியும். பழஞ்சொற்களை மறைத்துத் தமிழை வளர்க்க வேண்டியதில்லை. முன்னிடத்தில் தமிழை நிறுத்தினாற் போதும்.

‘படம் இருக்கும்போது மொழி எதற்கு? படம் எல்லார்க்கும் பொதுவன்றோ?’ என்னும் பேச்சும் காதில் விழுகிறது. வியன்னா நகரில் 1925-ஆம் ஆண்டு குமுகாயப் பொருளியல் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கிய ஓட்டோ நொய்ராத்து, படக்குறிகளாலேயே புள்ளிவிளக்கங்களைப் பொதுமக்கட்குக் காட்டும் முறையை அமைத்தார். கெர்டு ஆர்ண்ட்சு என்னும் ஓவியர் அவருக்காக வரைந்த குறிகள் பெரும்புகழ் பெற்றவை. ஆனால் அவர்கள் படங்களிலும் தலைப்பும் விளக்கமும் எழுத்தில்தான் இருந்தன. அவ்வளவு தொலைவு செல்வானேன்? 1951, 52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில், வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி; பெட்டிமேல் ஒரு படம். இரட்டை எருது இன்ன கட்சிக்கு உரியது என்று தெருத்தெருவாய்ச் சென்று வாயாற் சொன்ன பின்னரே அப்படம் பேசிற்று. சொல்லப்படாத படம் வெறும் எருதுதான்.

யான் முன்னே, பிறைக்கோட்டுச் சொல்லும் படவுருவும் இரண்டும் வேண்டும் என்றது இதனாலேயே. பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, பெரும்பாலும் எழுத்து மட்டுமே செல்லும், படவுரு பின்தங்கிவிடும். மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருப்பவை. மரக்காலோ நூறாண்டு நிற்பது. ஆகவே, வகை என்னும் கட்டத்தில் ‘ஏனம்’ என்று எழுத்தால் எழுதிய பின்னரே, அதன் முகமாகப் படவுரு அமைய வேண்டும். எழுத்தில் வகையைக் குறியாமல் படத்தை மட்டும் ஒட்டிவைப்பது, உள்ளே சரக்கு இல்லாத கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது போன்றது.

என் பள்ளியில் மாணவர்கள் வீட்டிலிருந்து கொணர்ந்த பழம்பொருள்கள் ஓர் அறை நிறைய உள்ளன. நாழி, உழக்கு, ஓலைச்சுவடி, எழுத்தாணி, பல்லாங்குழிக் கட்டை, இரும்பு எடைக்கற்கள். அவற்றுக்கான பன்னிரண்டு படவுருக்களுள் எட்டினை எங்கள் ஓவிய ஆசிரியர் வரைந்து தந்துவிட்டார். அவற்றைச் சுவரில் ஒட்டி, பெயர் சொல்லாமல், ஆறாம் வகுப்பு மாணவரையும் சத்துணவுக் கூடத்து அம்மையாரையும் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டோம். மரக்கால் படத்தை அம்மையார் உடனே சொன்னார். மாணவருள் பலர் ‘வாளி’ என்றனர். ஓலைச்சுவடிப் படத்தை ஒரு சிறுவன் ‘ஏணி’ என்றான். ஆகவே சுவடியை மீண்டும் வரைகிறோம், இம்முறை நூற்கயிற்றோடு. மிஞ்சிய நான்கு பண்பு, காலம், ஒலி, செயல் ஆகியவை. இவற்றுக்கு உருவம் தோன்றியவர்கள் ஒரு தாளில் வரைந்து அடுத்த திங்கட் கூட்டத்துக்குக் கொணருங்கள். தடித்த கோடுகள் நான்கைந்துக்குள் இருக்கட்டும். வீட்டில் பழைய அளவு ஏனங்கள் வைத்திருப்போர் அவற்றின் வாய் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, உங்கள் ஊரில் அவற்றுக்கு வழங்கும் பெயரோடு எழுதி வாருங்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டது என்பதை அறிவீர்கள்.